அவசரப் பையும் அம்மாவின் விசுவாசமும்

நியூசிலாந்தில், வெலிங்டனில் என் அலுவலகத்தில் எல்லோருடைய மேசைக்கடியிலும் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. தண்ணீர், டார்ச், பிஸ்கட், விசில். பூமி ஆடினால் எடுத்துக்கொண்டு ஓடத்தான். இந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். நானோ கால் அதில் பட்டாலே இழுத்துக்கொள்வேன். வந்த முதல் மாதமே அபாய மணி அடித்தது. ஒத்திகை என்று எனக்குத் தெரியாது. துப்பட்டாவை முக்காடு போட்டு, நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு, "இயேசப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் கேரன் வந்து தோளைத் தட்டினார். முதலில் குனிந்தது நீதான், தலையைக்கூட மறைத்துவிட்டாய், பர்ஃபெக்ட், அடுத்த முறை மேசைக்கு அடியில் போய்விடு என்றார். மனசுக்குள் ஆமென் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீட்டிலும் அப்படியொரு பை கட்டி, வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். "இன்னாடி இது, மூட்ட கட்டி வச்சிகினு? கர்த்தர் மேல நம்பிக்க இல்லாதவங்கதான் ஓட ரெடியா இருப்பாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மாமல்லபுரம் கடற்கரையில் மாங்காய்ப் பத்தை விற்றவள் அவள். கடல் ஊருக்குள் வந்த ஞாயிறன்று நாங்கள் சர்ச்சில் இருந்ததால் பிழைத்தோம். பக்கத்தில் சங்குமாலை விற்ற செல்வியக்கா திரும்பவில்லை. ஜெபம் நடக்கிற இடத்தை எதுவும் தொடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள் அம்மா. செல்வியக்காவும் ஜெபிக்கிறவர்தானே என்று கேட்டு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் புயல். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு ஏரிக்குக் கீழே இருக்கிறது. அம்மா தனி. ஏரி எந்த நேரமும் உடையலாம், எல்லோரும் ஸ்கூலுக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துகிறார்களாம். இவள் நகரவில்லை.

"ஜெபம் பண்ண வூடுடி. வுட்டுட்டு ஓடுனா அது இன்னா விசுவாசம்?"

அலுவலகம் என்றும் பாராமல் போனில் கத்தினேன். கத்தி ஓய்ந்தபின் உண்மையைச் சொன்னேன். "மா, எனக்கு இங்க டெய்லி பயமாகீது. அந்தப் பையக்கூட ஜெபம் பண்ணிதான் கட்னேன்."

மழைச்சத்தத்துக்கு நடுவே அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நென்ச்சியா? அன்னிக்கி உள்ள இருந்தோம், பொழச்சோம். வெளிய இருந்தவதான் செத்தா."

இத்தனை வருடம் விசுவாசம் என்று நான் நினைத்ததில் பாதி, வாசற்படி தாண்டுகிற பயம். "வாசப்படிய மட்டும் தாண்டு மா, நான் லைன்லயே கீறேன்" என்றேன்.

"நீ ஜெபம் பண்ணிகினே இரு. போன வெக்காத. நான் நடக்கறேன்."

பூட்டுகிற சத்தம். பிறகு தண்ணீரில் கால் வைக்கும் சத்தம்.

"இயேசப்பா, அம்மா கூடவே நடங்க... மா, எடது பக்கம் கால்வா கீது, பாத்து... அப்பா, அவ கைய புடிச்சிக்கங்க..."

"அத மூடி ரெண்டு வருசமாச்சு. இப்ப கால்வா சோத்தாங்கை பக்கம். நீ ஜெபத்த மட்டும் பாரு. ஆமென் சொல்லிடாத, ஸ்கூலு இன்னும் வர்ல."

தெரிந்த வசனமெல்லாம் தீர்ந்து, சொன்னதையே திரும்பச் சொன்னேன். ஒருவழியாக ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன். இப்ப சொல்லு."

"ஆமென்" என்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே ஜன்னலில் துறைமுகம், நல்ல வெயில். நான் இன்னும் எங்கள் தெருவில் நின்று, கால்வாய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.