சுமைதாங்கிமேல் நின்ற வண்டி

எந்த ஊருக்கு எது எப்போது வந்தது என்று விசாரித்துக் குறித்துவைப்பது என் பழக்கம். மின்சாரம், முதல் பேருந்து, தபால் நிலையத்தின் கறுப்புத் தொலைபேசி, கைபேசிக் கோபுரம். பொதுப்பணித் துறையில் எழுத்தராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் தொற்றிக்கொண்டது. ஓய்வுபெற்றுப் பெரம்பலூரிலேயே தங்கிவிட்ட பிறகும் விடவில்லை. விசுவாவசு ஆண்டு ஐப்பசியில், செயற்கைக்கோள் வழியாக இணையம் வரப்போகும் வண்டி ஒன்று அரியலூர்ப் பக்கம் போகிறது என்று கேள்விப்பட்டதும், வழி காட்டுகிறேன் என்று சொல்லி நானாகவே அதில் ஒட்டிக்கொண்டேன்.

சுற்றுலா போவதற்கென்று யாரோ ஆசைப்பட்டுச் செய்த இழுவை வண்டி அது. இரண்டே சக்கரம், வெள்ளை ஃபைபர் கூடு. ஜன்னல்களில் தென்னை மரமும் கடற்கரையும் அச்சிட்ட திரைச்சீலைகள் இன்னும் தொங்கின. அதை ஒரு சிறு அறக்கட்டளை வாங்கி, உள்ளே இருந்த சோபாவைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டு, கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் வண்டியாக மாற்றியிருந்தது. கட்டிலை ஒட்டி ஒரு கருவி. அதன் பட்டையை வயிற்றில் கட்டினால் உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைச் சத்தமாகவும் கோடாகவும் காட்டும். அந்தக் கோடு அப்படியே திருச்சியில் இருக்கும் டாக்டரம்மாவின் திரைக்குப் போகும். அவர் பார்த்து, பயமில்லை என்றோ உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றோ சொல்வார்.

பெரம்பலூரில் கைபேசி சிக்னலே அதற்குப் போதும். ரெட்டிபாளையம் தாண்டி விக்கிரமங்கலம் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் குழிகளுக்கும் வெட்டிக் கொட்டிய மண்மேடுகளுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் அது நடக்காது. பேசும்போதே குரல் நின்றுவிடும். அதனால்தான் கூரைமேல் டிஷ்.

நாங்கள் நான்கு பேர். வண்டியை இழுத்து வந்த ஜீப்பின் டிரைவர், திருச்சியிலிருந்து டிஷ் பூட்ட வந்த டெக்னீஷியன், கருவியைக் கையாளும் நர்ஸ், நான். நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஓர் ஊர் எல்லையில், மரமில்லாத புறம்போக்கில் நிறுத்தினோம். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் களியாகிக் கிடந்தது. டெக்னீஷியன் கூரைமேல் ஏறி, உட்புறம் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் முறுக்கி, துளைகளைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசினான். டிஷ் தெற்கே லேசாகச் சாய்ந்து, ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்து நின்றது.

"ஏன் தம்பி, வேற தெசையே கெடைக்கலயா? புள்ளத்தாச்சி ஏறுற வண்டி. எமன் தெசயப் பாத்து வெக்கிற" என்றார் டிரைவர்.

"சாட்டிலைட்டு அங்கதாண்ணே நிக்குது. எமன்கிட்ட நோ அப்ஜெக்‌ஷன் வாங்கிட்டுத்தான் ஏத்திருப்பாங்க."

"சிரிக்காத. நானும் மூணு புள்ள பெத்தவன்."

"நீங்க பெத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

பக்கத்துக் குடிசைகளிலிருந்து பெண்களைக் கூட்டிவர ஜீப் வேண்டும் என்பதால் இழுவை வண்டியைக் கழற்றிவிட்டோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. கழற்றிய பிறகு, கொக்கி இருக்கும் முன்பக்கத்தை, டிரைவர்கள் மூக்கு என்று சொல்வதை, ஒரு சிறு சக்கரம் தாங்க வேண்டும். அது களிமண்ணில் மெல்ல இறங்கியது. பலகை வைத்தோம், பலகையும் இறங்கியது. டெக்னீஷியனின் கையில் சிக்னல் தேடும் கருவி ஒன்று கூவிக்கொண்டிருந்தது. டிஷ் கோளுக்கு நேரே வரும்போது சத்தம் உயரும், விலகினால் அடங்கும். அன்று காலை முழுக்க அது உயர்வதும் ஈனமாக அடங்குவதுமாகவே இருந்தது. குழந்தை அழ ஆரம்பித்து அழ மறந்துபோவது போல என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

"மட்டம் நிக்கணும்ணே. வண்டி விரக்கடை சாஞ்சாலும் அங்க மேல பல மைலு தள்ளிப்போயிரும்" என்றான் அவன், ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தபடி.

டிரைவர் சாலையோரம் போய்ப் பார்த்துவிட்டு, "இந்தா, கல்வெர்ட்டுப் பாலத்துக் கல்லு ஒண்ணு கெடக்கு. இதும்மேல மூக்க வெச்சிருவோம்" என்றார். முழங்கால் உயரத்தில், தட்டையாக, செடி மூடிக் கிடந்த கல். மூன்று ஆண்களும் சேர்ந்து வண்டியைத் தள்ளிப்போய், மூச்சுப் பிடித்து மூக்கைத் தூக்கி அதன்மேல் இறக்கினோம். ஏன் அத்தனை கனம் என்று டிரைவர் முனகினார். குமிழி நடுவில் போய் நின்றது. டெக்னீஷியன் கூரையேறி டிஷ்ஷில் கைவைத்த மறுகணம் அந்தக் கூவல் ஒரே இழுப்பாக உயர்ந்து, பிசிறின்றி நிலைத்தது.

"நான் இன்னும் திருப்பவேயில்ல" என்றான்.

செடிகளை ஒதுக்கி அந்தக் கல்லைப் பார்த்தவன் நான்தான். பழக்கதோஷம். பலகைக்கல்லின் விளிம்பில் எழுத்து இருந்தது. கீழே இரண்டு கற்கள் அதைத் தாங்கி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. சாலை போட்டுப் போட்டு உயர்ந்ததில் ஆள் தோளுயரம் நின்ற கல் முழங்கால் உயரமாகியிருக்கிறது. அது பாலத்துக் கல் அல்ல, சுமைதாங்கி.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக நாட்டுவது. தனியே வரும் வழிப்போக்கர், பிறர் கை உதவியில்லாமல் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி ஆறிக்கொள்ளலாம்; மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். தன் சுமையை இறக்க முடியாமல் போனவளுக்கு, அடுத்தவர் இறக்கும் ஒவ்வொரு சுமையும் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பார்கள்.

ஈர இலையால் தேய்த்தேன். பெயர் இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது. இரண்டு மூன்று எழுத்துகளின் வளைவு மட்டும் மிச்சம். ஆண்டு மட்டும் தெளிவாக இருந்தது: விசுவாவசு. நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்பி வரும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கையை எடுத்துவிட்டேன்.

டிரைவரிடம் சொன்னதும் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா சார்" என்றார். "சரி, யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜீப்புக்குக் காத்திராமல் மாமியாரும் மருமகளுமாக இருவர் ஊருக்குள்ளிருந்து நடந்தே வந்தார்கள். மருமகளுக்கு நிறைமாதம். இடுப்பில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. சிஸ்டர் வாசலுக்கு வருவதற்குள் அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்.

"காலையிலேர்ந்து அசையலங்க சிஸ்டர்."

"தூங்கும்டி புள்ள. போன வாரமும் இப்படித்தான் இவ பயந்து, ஆட்டோ புடிச்சு அரியலூரு போயி, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. இவ அசையலம்பா, அது அங்க போயி ஒதைக்கும்" என்றாள் மாமியார்.

"இது அப்படியில்ல அத்தை."

"பட்டையக் கட்டிப் பாத்துருவோம். டாக்டரம்மாவே சொல்லட்டும். வா" என்றார் சிஸ்டர்.

அந்தப் பெண் ஓரடி எடுத்து வைத்தாள். மாமியாரின் கண் அப்போதுதான் வண்டியின் மூக்குக்குக் கீழே போனது. மருமகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"எவன்டா அது, அந்தக் கல்லு மேல ஏத்தி வெச்சது?"

அவள் கையை நீட்டிக் கல்லைக் காட்டினாள்.

"அது எங்க வூட்டுக் கல்லு. எங்க வூட்டுக்கு வாழ வந்தவ. தலையில வெறகோட வந்தவ இங்கனதான் வுழுந்தா, புள்ளயும் வவுத்தோட போச்சு. எங்க வூட்டுல மாசமா இருக்கிறவ யாரும் இந்தக் கல்லத் தாண்டக்கூட மாட்டோம். அதும்மேல நிக்கிற வண்டியில இவ ஏறிப் படுக்கணுமா?"

"அத்தை, நான் ஏறுறேன். எனக்குப் புள்ள வேணும்" என்றாள் மருமகள். அழவில்லை. அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"உனக்கு மட்டுமா வேணும்?"

வண்டியைக் கல்லிலிருந்து இறக்கினோம். கூவல் அடங்கியது. டெக்னீஷியன் கூரையேறி டிஷ்ஷை மயிரிழையாகத் திருப்பிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தோம். கோடு திருச்சிக்குப் போகாமல் ஒரு முடிவு கிடைக்காது; முடிவு கிடைக்காமல் மாமியார் இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டாள். மறுபடி மூக்கைத் தூக்கிக் கல்லில் வைத்தோம். வைத்த உடனே கூவல்.

"பாறை மேல நட்ட கல்லு சார். அதான் ஆடல" என்றான் டெக்னீஷியன் என்னிடம். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

சிஸ்டர் உள்ளே போய்க் கருவியைப் போட்டு, டேப்லெட்டில் திருச்சிக்கு இணைப்புக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வெளியே. மாமியாரும் மருமகளும் கல்லுக்கு அப்பால், கை கோத்தபடி. டிரைவர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். டெக்னீஷியன் என் பக்கத்தில். இதை நான் பலமுறை நினைவில் அடுக்கிச் சரிபார்த்துவிட்டேன்.

அந்த வண்டியில் யார் ஏறினாலும் படிக்கட்டுப் பக்கம் கூடு ஒருமுறை தாழ்ந்து எழும். அது அப்போது தாழ்ந்தது. மெதுவாக, கனமான ஆள் கைப்பிடி பற்றி ஏறுவதுபோல. பிறகு எழுந்தது. படியில் யாரும் இல்லை.

உள்ளே சிஸ்டர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஏறிட்டியாம்மா? இடது பக்கமாப் படுத்துக்க" என்றார்.

அப்போது கருவியிலிருந்து சத்தம் வந்தது. முதலில் காற்றின் இரைச்சல். அதற்குள்ளிருந்து குதிரைக் குளம்படி போன்ற அந்தத் துடிப்பு. சிஸ்டர் திரும்பினார். பட்டை வெறும் கட்டிலில் கிடந்தது.

டேப்லெட்டிலிருந்து டாக்டரம்மாவின் குரல், வெளியே எங்களுக்கும் கேட்கும்படி வந்தது. "சிஸ்டர், லைன் நல்லா வருது. ஆனா துடிப்பு இறங்கி இறங்கி வருதே. இதை வெச்சிட்டிருக்கக் கூடாது, உடனே அரியலூருக்கு அனுப்புங்க. அங்க நான் பேசிடறேன்."

"டாக்டர்… கட்டில்ல யாரும் இல்லீங்க."

"என்ன சிஸ்டர்? எனக்கு ஓடிட்டு இருக்கு. நேரத்தைக் கடத்தாதீங்க."

குளம்படி நிதானமாகி, தயங்கி, மறுபடி ஓடிற்று. மருமகள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். மாமியார் அவள் கையை விட்டுவிட்டு நேராகக் கல்லிடம் வந்தாள். வண்டியின் இரும்புக்குப் பக்கத்தில், கல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள்.

"சரி ஆத்தா. சொல்லிட்டல்ல. கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? எடு வண்டிய!"

சிஸ்டரும் அவர்களோடு ஜீப்பில் போனார். அந்தப் பெண் கடைசிவரை இழுவை வண்டியில் ஏறவேயில்லை.

நானும் டெக்னீஷியனும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். வண்டி நிழல் இருந்தது. இருவருமே அங்கே போகவில்லை. உள்ளே கருவி இரைந்துகொண்டிருந்தது, வெறும் காற்றாக.

"கருவிக்குள்ள மாதிரிக் கோடு ஒண்ணு போட்டு வெச்சிருப்பாங்க சார். டெஸ்டிங்குக்கு. அதுதான் ஓடியிருக்கும்" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

"அப்புறம் ஏன் சார் நீங்க உள்ள போயி அமத்தல?"

"நீ ஏன் போகல?"

மாலையில் ஜீப் திரும்பிவந்தது. டிரைவர் இறங்கும்போதே, "பொம்பளப் புள்ள" என்றார். "ஆபரேஷன். கொடி கழுத்துல சுத்திக் கெடந்துச்சாம். தாயும் புள்ளயும் நல்லாருக்காங்க." கூட வந்த சிஸ்டர் உள்ளே போய்க் கருவியை அணைத்துவிட்டு வந்தார். மாதிரிக் கோட்டைப் பற்றி டெக்னீஷியன் கேட்டபோது, "இருக்கு. ஆனா அது நல்லா இருக்கிற புள்ளயோட கோடு. எறங்காது" என்றார்.

மூக்கைக் கல்லிலிருந்து தூக்க மூவரும் காலையைப் போலவே மூச்சுப் பிடித்துக் குனிந்தோம். தூக்கியதும் மூவரும் பின்னால் சாய்ந்துவிட்டோம். அத்தனை லேசு. டிரைவர் ஒருவரே அதைப் பிடித்து ஜீப்பின் கொக்கியில் மாட்டினார்.

"தண்ணித் தொட்டி ஒழுகிக் காலியாயிருக்கும்ணே" என்றான் டெக்னீஷியன்.

நான் குனிந்து பார்த்தேன். வண்டிக்குக் கீழே மண், வெயிலில் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. தொட்டியின் குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது.

வண்டி இப்போதும் அந்த ஊருக்குப் போகிறது. அதே இடம்தான், அதே கல்தான். மாமியாரே அனுமதி கொடுத்துவிட்டாள். வண்டி வருமுன் கல்லைக் கழுவிவைப்பதும் அவள்தான். சிஸ்டர் மட்டும் கட்டிலில் ஆள் படுத்த பிறகே கருவியைப் போடுகிறார்.

குழந்தைக்குப் பெயர் வைக்க என்னையும் அழைத்திருந்தார்கள். போயிருந்தேன். மாமியார் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னது அடுத்து நின்ற எனக்கும் கேட்டது. பழைய பெயர், இந்தக் காலத்தில் யாரும் வைக்காதது. திரும்பும் வழியில் பேருந்திலிருந்து இறங்கி அந்தக் கல்லுக்குப் போனேன். பொரிந்த இடத்தில் மிஞ்சியிருந்த வளைவுகளோடு அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது.

கையில் இருந்த தாம்பூலப் பையை அந்தக் கல்மேல் சற்று நேரம் இறக்கிவைத்தேன். கனமேயில்லாத பைதான். திரும்ப எடுக்கும்போது யாரோ கீழிருந்து கைகொடுத்ததுபோல அது எழும்பி வந்தது.