தீர்ப்புக்கு அடங்காதவர்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், திருத்தவேலைக்காகத் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலொன்றின் சமையல்காரர் அவர். நான் துறைமுகப் பண்டகசாலைக் கிளாக்கர். அவருக்கு நரைத்த தலை, கோணல்மாணலான விரல்கள். வாலிபத்தில், பேஸ்போல் என்ற அமெரிக்கப் பந்தாட்டத்தைச் சம்பளத்துக்கு விளையாடியவராம். பந்து பிடித்துப் பிடித்தே அந்த விரல்கள் முறிந்தனவாம்.

ஒரு ஞாயிறு, வெள்ளைக்கார அதிகாரிகளின் கிரிக்கெட்டுக்கு ஆள் குறைந்ததால் அவரையும் சேர்த்தார்கள். பந்து மட்டையில் பட்ட சத்தம் வேலியோரம் நின்ற எங்களுக்கே கேட்டது. ஆனால் நடுவராக நின்ற துறைமுக இராணுவக் கப்டன், பந்து காலில்தான் பட்டதென்று அவுட் கொடுத்தார். சமையல்காரர் போகவில்லை. மட்டையை எறிந்துவிட்டு, கப்டனின் மூக்குக்கு நேரே மூக்கை நீட்டிக் கத்தினார். கப்டனின் சப்பாத்தின் மேல் மண்ணையும் உதைத்துத் தள்ளினார். நாங்கள் தலை நிமிர்த்திப் பார்க்கவே பயந்த துரை அந்தக் கப்டன்! கடைசியில் மாலுமிகள்தான் சமையல்காரரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சமையல்காரரிடம் கேட்டேன்.

"கத்தினால் துரை தீர்ப்பை மாத்துவாரோ?"

"நான் பேஸ்போல் விளையாடின காலம் முழுக்கக் கத்தினனான், ஒரு நடுவனும் மாத்தினதில்லை."

"பிறகேன் கத்தினனீங்கள்?"

"அடுத்த பந்தையெண்டாலும் அவன் கண்ணைத் திறந்து பார்க்கவேணும்."

கப்பல் போய்விட்டது. மறுகிழமை பண்டகசாலைக்கு வந்த அதே கப்டன், உடைந்திருந்த பெட்டியொன்றுக்காக எங்கள் கூலியாளைக் கள்ளனென்றார். நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"அது உடைஞ்சுதான் வந்தது, துரை. நான் பார்த்தனான்."

அவர் தீர்ப்பை மாற்றவில்லை. "கதிரையில் இரு" என்றார்.

நான் இருக்கவில்லை.