அம்சம் நம்பிய கொக்குகள்

அம்சத்துக்குக் காலண்டர் தேவைப்பட்டதே இல்லை. மாசம் பிறந்ததைப் பறவைகள் வந்து சொல்லும். பறவைகள் மறந்தால் ஏதாவது ஒரு செடி சொல்லும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியாக வந்து சேருகிற வாய்க்கால் கரையில் அவள் தெரு இருந்தது. இலுப்பைப் பூ உதிர்ந்து தரையெல்லாம் இனிப்பு வாடை அடித்தால் சித்திரை. வரப்பு நண்டு வளையை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே முடங்கினால் வைகாசி. வேலியில் செங்காந்தள் சிவந்தால் அடைமழை பக்கத்தில் வந்துவிட்டது. மழை விட்ட காலையில் நத்தை தேடி நாரைகள் இறங்கும். மார்கழிப் பனியில் எங்கிருந்தோ வந்த உள்ளான் குருவிகள் கதிர்களின் காலடியில் ஓடும். தை அறுப்பு முடிந்தபின் உளுந்துச் செடிக்குள்ளிருந்து காடை கத்தும்.

நடவுக்குக் குனிந்தால் கை சேற்றில் இருக்கும், கண் மட்டும் எங்கோ மிதந்து போய்விடும். அவள் வரிசை பிந்தும். பக்கத்தில் நடுகிற தங்கம்மாள் முழங்கையால் இடித்து, "அக்கா, நாரையோட எதுவரைக்கும் போயிட்டு வந்த? கையப் போடு," என்பாள்.

புருஷன் வீரையன் விவசாயக் கூலிகள் சங்கத்து ஆள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "நான் டவுன்ல கூட்டம் பாத்துட்டு வரேன், நீ வானத்துல கூட்டம் பாத்துக்கிட்டு இரு," என்பான். அவளும் விடமாட்டாள். "என் கூட்டம் ஒழுங்கா வருஷத்துக்கு ஒருதரம் வந்து சேருது. உங்க கூட்டத்துக்கு ஒருத்தனையும் காணுமாமே," என்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சந்தோஷம்.

சந்தோஷமில்லாத வருஷங்களும் இருந்தன. கூலி உயர்வு கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்றபோது, பண்ணையார் மனையில் இருந்த அவர்கள் குடிசையைப் பிரிக்க ஆள் வந்தது. முன்னால் நின்றவர் பண்ணையின் காரியக்காரர் சிங்காரவேலு. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "உள்ள ஆள் இருக்குங்க ஐயா!" என்று அம்சம் உள்ளிருந்து கத்தினாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காதவர் போல வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூரையிலிருந்து விழுந்த கட்டையில் உலைப்பானை உடைந்தது. அதை நினைத்தால் அம்சத்துக்கு வயிறு எரியும். எத்தனை ஆடி போனாலும் அந்த எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

பிறகு கழக ஆட்சியில் நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் கொஞ்சம் உபரி என்று பிரிந்தது. வாய்க்கால் கடைசியில், ஒரு குட்டையோடு சேர்ந்த மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், அம்சத்தின் பேருக்கே பட்டாவாயிற்று. ஊரில் யாரும் நினைத்துப் பார்க்காத சங்கதி. அன்று அவள் அந்தத் தரிசில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தும்பைப் பூவில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. தன் நிலத்துத் தும்பை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

சிங்காரவேலு சும்மா இருப்பாரா? "ஆடியில சர்க்கார் கணக்குப்பிள்ளை வந்து பார்ப்பாரு. நிலம் முழுக்கப் பயிர் நிக்கணும். ஒரு மூலை தரிசாக் கிடந்தாலும் எழுதிப்போட்டு பட்டாவத் திருப்பிடுவோம்," என்று டீக்கடையில் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார். சட்டம் அப்படித்தானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பண்ணை நினைத்தால் எதையும் எழுதவைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆக, ஆடிக்குள் குறுவைப் பயிர் நட்டே தீரவேண்டும். விதை நெல் ஒரு மூட்டை எப்படியோ சேர்ந்தது. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. கடைமடைக்கு அது எப்போது வரும் என்று ரேடியோ சொல்லவில்லை. அதைச் சொல்லக் கொக்குகள் இருக்கின்றன என்று அம்சம் நினைத்தாள். புதுத்தண்ணீர் வெடித்த வயலில் ஏறும்போது வெடிப்புக்குள் கிடக்கும் பூச்சியும் பிள்ளைப்பூச்சியும் பதறி வெளியே வரும். அதைப் பொறுக்கக் கொக்குகள் தண்ணீருக்கு முன்னால் கூட்டமாக இறங்கி இறங்கி வரும். அவள் பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் இது தப்பியதில்லை.

ஆனி பிறந்த ஒரு விடியலில் மேற்கே, கண்ணுக்கு எட்டிய கடைசியில், வெள்ளையாக ஒரு கூட்டம் எழுந்தது, அமர்ந்தது, மறுபடி எழுந்தது. இளம்வெயிலில் துணி உலர்த்துகிற மாதிரி இருந்தது. மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்துகொண்டே வந்தது. அம்சம் வெகுநேரம் அதையே பார்த்து நின்றாள். காற்று கடல் பக்கமிருந்து அடித்ததால் அங்கிருந்து ஒரு சத்தமும் எட்டவில்லை. வீட்டுக்கு வந்தாள், மூட்டையைப் பிரித்தாள், விதையை ஊறப்போட்டாள். மறுநாள் வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிப் பாரம் வைத்தாள். விதை வெள்ளை வெள்ளையாக முளை விட்டது.

தண்ணீர் வரவில்லை. கொக்குகள் வந்தது பண்ணையார் புதிதாக வாங்கிய டிராக்டருக்குப் பின்னால். உழவுக்குச் சங்கத்து ஆட்களைக் கூப்பிட வேண்டாம் என்று வாங்கிய வண்டி, காய்ந்த மண்ணைப் புரட்டிக்கொண்டு போயிருக்கிறது. புரண்ட மண்ணில் புழு. புழுவுக்குக் கொக்கு. கொக்கின்மேல் என்ன குற்றம்? தெரு சிரித்தது. தங்கம்மாள்கூடச் சிரித்தாள்.

வீரையன் சிரிக்கவில்லை. "முளை கட்டுன விதைய என்ன பண்றது? நாளைக்குள்ள விதைக்காட்டி அழுகிடும். நிலம் போச்சு புள்ள," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அம்சம் சாக்கைப் பிரித்து முளையைத் தொட்டுப் பார்த்தாள். கொக்கு தன்னை ஏமாற்றிவிட்டதே என்ற துக்கம் ஒருபக்கம், அதை நம்பி நிலத்தைப் பணயம் வைத்துவிட்டோமே என்ற பயம் ஒருபக்கம்.

நிலத்துக் குட்டை அந்தக் கோடையில் வற்றிப் பாளம் பாளமாகத் தெரிந்தது. ஆனால் நடுவில் சம்புக்கோரை பச்சையாக நின்றது. அதற்குள் ஒரு கானாங்கோழி போய்வருவதை அவள் சித்திரையிலிருந்தே பார்த்திருந்தாள். வெள்ளை மாரும் கறுத்த முதுகுமாகக் குட்டை வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். ஈரமில்லாத இடத்தில் அது குடியிருக்காது என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. வீரையனை இழுத்துக்கொண்டு போனாள். சம்பை விலக்கினால் அடியில் கணுக்கால் அளவுக்குச் சேறு. தோண்டினால் தண்ணீர் ஊறியது. நாற்றங்காலுக்குப் போதும்.

இரண்டு பேரும் சம்பை வெட்டினார்கள். நல்ல சேறு கிடந்த நடு இடத்தில், கடைசியாக நின்ற பெரிய புதருக்குள் கூடு. பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். தாய் எட்டத்தில் ஓடி நின்று தொண்டை கிழியக் கத்தியது.

வீரையன் அரிவாளை ஓங்கினான். அம்சம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் புதர வேணாங்க."

"இத விட்டா மூணுல ரெண்டு பங்கு விதைக்குத்தான் இடம் இருக்கும். நாத்து பத்தாது. ஒரு கொக்க நம்பி கெட்டது போதாதா? கோழிக்காக வேற நிலத்த விடணுமா?"

"பத்தாட்டி போவுது. அது உள்ள இருக்கயில நான் கூரையப் பிரிக்க மாட்டேன்."

வீரையன் அவளை ஒருதரம் பார்த்தான். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரமாகச் சேறு மிதிக்கப் போனான். புதரைச் சுற்றி விதைத்தார்கள். இடமில்லாமல் மிஞ்சிய முளையைக் கரையில் கொட்டினாள். அதைத் தின்னக் கொக்கு ஒன்றும் வரவில்லை, மைனாதான் வந்தது.

நாற்று தலைகாட்டி, வளர்ந்து, காற்றுக்குச் சாய்ந்தது. முட்டை ஓட்டை விட்டுக் கறுத்த குஞ்சுகள் நாற்றுக்கு நடுவே ஓடின. ஆனி கடைசியில் உண்மையாகவே புதுத்தண்ணீர் வந்தது, நுரையும் சருகுமாக. அதற்கு முன்னால் கொக்குகள் வந்தன. அம்சம் அவற்றைப் பார்த்து, "இப்ப வந்தீங்களா மகராசனுங்களே," என்று வாய்விட்டுத் திட்டினாள்.

நட்டார்கள். வீரையன் சொன்னபடியே கடைசி ஒரு மா வெறுமையாகக் கிடந்தது. அன்று சாயங்காலம் தங்கம்மாளும் தெருப் பெண்களும் பண்ணை நடவு முடிந்து வரப்பில் வந்தார்கள். பம்பு எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்து வளர்த்த பண்ணை நாற்று, ஆளுக்கு இரண்டு முடிக்கட்டு தலையில் இருந்தது. நட்டு மிஞ்சும் நாற்றை நட்டவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். மாட்டுக்குப் போடுவார்கள். "காரியக்காரரே சொன்னாரு, மிச்சத்தத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் போங்கடின்னு," என்று தங்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். இருட்டுவதற்குள் அந்த மாவும் பச்சையாயிற்று.

ஆடியில் கணக்குப்பிள்ளை வந்தார். கூடவே சிங்காரவேலு. நிலத்தைச் சுற்றி வந்தார்கள். வெறும் இடம் எங்கும் இல்லை. கடைசியில் சிங்காரவேலுவின் கண் குட்டை நடுவில் நின்ற சம்புப் புதரில் விழுந்தது.

"இது என்ன? பட்டா இடத்துல காடு வளக்குறீங்களா? வெட்டி எறியாம எதுக்கு விட்டு வச்சிருக்க?"

அம்சம் வரப்பிலிருந்து எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"உள்ள ஆள் இருக்குங்க ஐயா."

புதரிலிருந்து கானாங்கோழி வெளியே வந்தது, பின்னால் குஞ்சுகள். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பயிர் நிற்கிறது என்று எழுதிக்கொண்டார். சிங்காரவேலு சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவருக்குக் காது கேட்டுவிட்டது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதவர் போல வாய்க்கால் பக்கம் திரும்பினார். அங்கே தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.