விஜி எங்கே படுப்பாள்

வயநாட்டுக்குப் போவதற்காக என் அக்கா விஜி ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். மெரூன் நிறம், இரண்டு பக்கமும் பை. வெள்ளானூரில் எங்கள் தெருவுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி. அதனால் வாங்கிய அன்றே குழாயடியில் அதை எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாடி, சிம்லாவா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள்.

"காட்டுக்குள்ள மர ஊடு கட்டிகீறாங்களாம். எதிர்ல ஏரி. காலைல கதவத் தொறந்தா பனி உள்ள வருமாம்."

"நம்ம ஏரி ரொம்புனா தண்ணியே உள்ள வருது. அதுக்கு எவளாவது ஸ்வெட்டர் வாங்கினாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் அந்தப் பயணத்தை எவ்வளவு எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். படகில் ஏறினால் வாந்தி வருமா என்று என்னிடம் கேட்டிருந்தாள்.

அக்கா முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தாள். கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். இரண்டாம் வருடம் ஒரு பையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று நைனா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா அப்போது உயிரோடு இல்லை. இப்போது வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அபிஷேக் சார், நிஷா மேடம் வீட்டில் சமைக்கிறாள், அவர்களுடைய நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்கிறாள். இருவருக்கும் ஐ.டி. வேலை. பாப்பா, அக்கா ஊட்டினால்தான் வாயைத் திறக்கும். வயநாட்டுக்கு அக்காவையும் அழைத்துப் போவது என்று முடிவானது அதனால்தான்.

நான் அருள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்வெட்டர் வாங்கிய வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அக்காவைப் பைக்கில் அழைத்துவரப் போனேன். எப்போதும் கேட்டுக்கு வெளியே நிற்பேன். அன்று நிஷா மேடம் மேலே கூப்பிட்டார்.

"ஏன் அருள் வெளியவே நிக்கற? வா, உட்காரு. காபி குடி."

சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அபிஷேக் சார் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மூன்று மர வீடுகளின் படங்கள்.

"நீ சொல்லு. எதை புக் பண்ணலாம்?"

இப்படி ஒரு விஷயத்தில் யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. ரொம்ப யோசிப்பவன்போல முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு மூன்றாவதைக் காட்டினேன். வாசலிலேயே ஏரி. முன்பக்கம், சுற்றிலும் கண்ணாடி போட்டு, திண்ணைபோல ஒரு சிட்அவுட்.

"இது சூப்பர் சார். வியூ இருக்கு."

"பாத்தியா நிஷா? அருளுக்கும் இதுதான் பிடிச்சிருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

சோபாவிலிருந்து அபிஷேக் சாரின் அம்மா சரசா கேட்டார்: "ஏண்டா, கரடி கிரடி வருமா?"

"ஆறு மணிக்கு மேல வெளிய வரக் கூடாதுன்னு போட்டிருக்கான்மா. காட்டுமாடு சுத்துமாம். இதுல ரெண்டு ரூம். ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணுல நீயும் பாப்பாவும்."

"நா எங்க சார் படுக்கறது?" என்றாள் அக்கா. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல்.

அபிஷேக் சார் படங்களை முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார், இன்னொரு அறை எங்காவது கிடைத்துவிடும் என்பதுபோல.

"சிட்அவுட் இருக்கே அக்கா," என்றார் நிஷா மேடம். "சுத்தி கண்ணாடி. ஏரியப் பாத்துட்டே தூங்கலாம்."

"காட்டுமாடு வந்து கண்ணாடில மூஞ்ச வெச்சா நா இன்னா பண்றது மேடம்? தோச ஊத்திக் குடுக்கவா?"

சரசா அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"பாப்பா ரூம்லயே எனக்கு ஒரு கட்டில் போடச் சொல்லுங்க. கொழந்த எந்திரிச்சா நாந்தான பாக்கணும்? கட்டில் இருந்தா வர்றேன்."

நிஷா மேடம் மாமியாரைப் பார்த்தார். சரசா அம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது.

"கேட்டுச் சொல்றோம் அக்கா."

நான் காபியைக் குடித்து முடித்தேன். என் ரெஸ்யூமை அபிஷேக் சார் தன் ஆபீஸில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேனா, அல்லது பேசத் தெரியாமலா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது ஆவடி மேம்பாலத்துக்கு முன்னால், நெரிசலில் நின்றபோதுதான்.

"போவாதக்கா. நாய் மாரி வாசல்ல படுக்கச் சொல்றாங்க."

"அந்த ஊட்ட நீதான காட்டுன?"

நான் ஹாரன் அடித்தேன். முன்னால் இருந்த பஸ் நகரவில்லை.

"சரி, நம்ம ஊட்ல நா எங்கடா படுக்கறேன்?"

எங்கள் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. நைனா செக்யூரிட்டி வேலைக்கு இரவில் போய் விடிந்துதான் வருவார். நான் கல்லூரியில் சேர்ந்ததும் அறைக்கு மேசை வந்தது, புத்தகங்கள் வந்தன. அக்காவின் பாய் சமையலறைக்குப் போனது, சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில். போ என்று யாரும் சொன்னதில்லை.

"அது வேறக்கா."

"இன்னா வேற?"

பஸ் நகர்ந்தது. நானும் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு, அக்காவுக்கு லீவு. மத்தியானம் நிஷா மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, இந்த தடவ நாங்களே மேனேஜ் பண்ணிக்கறோம். நீங்களும் நல்லா ரெஸ்ட் எடுங்க. அந்தப் புளிக்காய்ச்சல் மட்டும் செஞ்சு குடுத்துடுங்க, பாப்பாவுக்குப் பிடிக்கும்." குரலில் அன்பு இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

"கட்டில் கேட்டேன், லீவு குடுத்துட்டாங்க," என்றாள் அக்கா.

அப்புறம் புளியை ஊறப்போட்டாள். எண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. நான் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு, "வேல கெடச்சதும் நானே உன்ன இட்டுனு போறேன்," என்றேன்.

"மொதல்ல கெடைக்கட்டும்டா."

புளிக்காய்ச்சலை ஆறவைத்து, பாட்டிலில் அடைத்து, வாணலியைக் கழுவிக் கவிழ்த்தாள். ராத்திரி சமையலறை மூலையிலிருந்து பாயையும் தலையணையையும் எடுத்து வந்து அறையில், ஃபேனுக்கு நேர் கீழே போட்டாள்.

"இனிமே நா இங்க படுக்கறேன். உன் பொஸ்தகத்த எடுத்துக்கோ."

குரலில் கோபம் இல்லை. நேற்று மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட அதே குரல்தான். நான் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அறை, சமையலறை, மறுபடியும் அறை.

"இன்னாடா, கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

புத்தகங்களை இரண்டு நடையாகக் கொண்டுபோய் அரிசி டிரம்மின் மேல் அடுக்கினேன். கடைசியாக, சட்டையை எடுக்கப் போனபோது நான் சட்டை மாட்டும் ஆணியில் மெரூன் ஸ்வெட்டர் தொங்கியது. என் சட்டை மடித்து மேசைமேல் இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.