உட்கார்வது தவிர்க்கப்பட வேண்டும்

காலை ஏழேகால் மணி, பதினான்கு பேர், முன்பெஞ்சில் கோமளா: பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் என் பிழைப்பு தினமும் இப்படித்தான் தொடங்கும். என்னைப் போலவே சாக்பீஸ் தூளைத் தின்று வாழும் சக ஆசிரியர்கள் மீதியை ஊகித்துக்கொள்வார்கள்.

மடிப்பவர் யார்?

அன்றைய பாடம் செயப்பாட்டு வினை. மஸ்ட், ஷுட், கேன், மே, எது வந்தாலும் பின்னால் 'பி' போட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்த்தால் போதும் என்றேன். அவர்கள் வேலையிலிருந்தே உதாரணம்: 'தி சாரி மஸ்ட் பி ஃபோல்டட்.' புடவை மடிக்கப்பட வேண்டும். செய்பவரைச் சொல்லத் தேவையில்லை, அதுதான் இதில் வசதி என்று முடித்தேன்.

கோமளா பேனாவை மூடினார். பத்து வருஷமாகக் கல்யாணப் புடவைப் பிரிவில் நிற்பவர். "நாள் பூரா பிரிச்சு பிரிச்சு மடிக்கிறது நான். என்னைச் சொல்லாம விடறது யாருக்கு சார் வசதி?"

நான் செய்த திருத்தம்

அதே வாரம் அவருடைய முதலாளி ஒரு தாளோடு வந்தார். கடையில் ஒட்டவிருந்த நோட்டீஸ் அது; ஊழியர்களுக்கு 'டோன்ட் சிட்' என்று எழுதியிருந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்த்தால் முரட்டுத்தனமாகத் தெரியுமாம். 'சிட்டிங் ஷுட் பி அவாய்டட்' என்று மாற்றிக் கொடுத்தேன். உட்கார்வது தவிர்க்கப்பட வேண்டும். இலக்கணம் சரியாக இருந்தது. வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

முதலாளி இரண்டு முறை படித்துப் பார்த்தார். "இப்பதான் சார் நல்லாருக்குது. நான் சொன்ன மாதிரியே தெரியல."

சட்டத்துக்குப் பதில்

கோமளாவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது. இப்படியே நின்றால் வேலையை விடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோமளாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. செய்த திருத்தம் உறுத்தியதால், சட்டத்தின் சாரத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன்: 'சீட்ஸ் மஸ்ட் பி ப்ரொவைடட்.' இருக்கைகள் தரப்பட வேண்டும். கோமளா அதைக் கடைச் சூபர்வைசரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தரப்படணும்னுதான் இருக்குது. நான் தரணும்னு எங்கமா இருக்குது?"

ஜமுக்காளம்

கண்ணாடி கவுண்டர் வருவதற்கு முன் இந்த ஊர்ப் பட்டுக்கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் தரையில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் ஒருநாள் கோமளா ஸ்டோர் ரூமிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்துவந்து, கடை நடுவே விரித்து உட்கார்ந்தார். முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த கல்யாண வீட்டார் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மறுநாள் வகுப்பில் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சொன்ன செய்தி இது.

சூபர்வைசர் ஓடிவந்திருக்கிறார். "எழுந்திரும்மா, நோட்டீஸைப் பாக்கல?"

"பாத்துக்கினுதான் உட்கார்ந்தேன்" என்றாராம் கோமளா, அரக்குப் புடவையின் முந்தியைப் பிரித்தபடி.

முதலாளியும் வந்து நின்றார். மணப்பெண்ணின் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அவங்க எழுந்தா நாங்களும் எழுந்து அடுத்த கடைக்குப் போயிடுவோம்பா."

ஆவணி முதல் திங்கட்கிழமை அந்தக் கடையில் ஆறு ஸ்டூல்கள் போடப்பட்டன. போடவைத்தது கோமளா என்பதை, இலக்கணம் தரும் வசதியை விட்டுவிட்டு, இங்கே எழுதிவிடுகிறேன்.