அப்பாவைக் கொன்றது வேட்டை அல்ல

அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், அம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நெஞ்சு வருத்தக்காரனைக் காட்டுக்குள்ளை இழுத்துக்கொண்டு போனால் வேறை என்ன நடக்கும்?" மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை அம்மா என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை, நான் மறிச்சிருக்க வேணுமோ?"

நினைவு மலரில் கோபத்தைக் காட்டுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் புத்தகம் உங்கள் எல்லோருடைய வீட்டுக்கும் வரும். உங்கள் எல்லோருக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை.

அப்பா வடமராட்சியில், கடலை அண்டிய சிற்றூர் ஒன்றில், குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்ததால் படிப்பை இடையில் விட்டார். வன்னியில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய், காடு வெட்டி வயலாக்கினார். காட்டுப்பன்றியும் மரை மானும் புகுந்தால் ஒரு போகமே போய்விடும் இடம் அது. பயிரைக் காக்கத்தான் லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கினார். குட்டியோடு நிற்கும் மிருகத்தைச் சுடமாட்டார். காயப்பட்டதைத் தேடிப் பிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். அயல் வீடுகளுக்கெல்லாம் பங்கு போகாமல் எங்கள் சட்டி அடுப்பில் ஏறாது. தன் தம்பி தங்கைகள் எல்லோரையும் அந்த வயலை வைத்துத்தான் படிப்பித்தார். அவர்களில் சிலர் இன்று எனக்கு "வேட்டையாடுறது பாவம்" என்று புத்தி சொல்கிறார்கள். அந்த இறைச்சியில் வளர்ந்த உடம்புதானே உது என்று கேட்க வாய் வந்தது. மரியாதைக்காகக் கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

சண்டை தொடங்கியதும் துவக்கைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார். பிறகு வயல் போனது, வீடும் போனது. அண்ணா ஸ்பொன்சர் செய்து அப்பாவும் அம்மாவும் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். காடு மேடெல்லாம் நடந்த மனிதருக்கு இங்கே கிடைத்தது அடுக்குமாடியில் ஒரு பல்கனி. நீரிழிவால் இடது காலின் பெருவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

என் கணவர் வேலை செய்யும் இடத்தில் கோர்டன் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தார். ஒவ்வொரு ஐப்பசியும் வடக்கே மூஸ் வேட்டைக்குப் போகிறவர். மூஸ் என்பது எங்கள் மரையின் சாதிதான், ஆனால் குதிரையை விட உயரம். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த கோர்டனும் அப்பாவும் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைக் கையால் காட்டினார்கள். போகும்போது கோர்டன் என் கணவரிடம், "அடுத்த முறை உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். துவக்குப் பிடிக்க இங்கே வகுப்பும் சோதனையும் உண்டு. அப்பா அகராதியோடு மல்லுக்கட்டி, முதல் முறை தவறி, இரண்டாம் முறை சித்தியடைந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நெஞ்சு வருத்தம் வந்தது.

இருதய டொக்டரிடம் அண்ணாதான் கூட்டிப் போவார். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? டொக்டர் பிள்ளையைப் பார்த்துப் பேசுவார். பிள்ளை டொக்டரைப் பார்த்துப் பேசும். வருத்தக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். காரில் ஏறிய பிறகு பிள்ளை தனக்குச் சரியென்று பட்டதைத் தமிழில் சொல்லும். அண்ணாவும் அப்படித்தான் சொன்னார். "டொக்டர் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டார் அப்பா. வேட்டை கீட்டை ஒண்டும் கூடாதாம்."

அப்பா "ஓம்" என்றார். அந்த வருடம் முழுக்கப் பல்கனியிலேயே இருந்தார். ஐப்பசி வந்து போனது. சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. பார்க்க வந்தவர்கள் "வயசு போட்டுதுதானே" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் அண்ணாவுக்கு லீவு கிடைக்காததால் நான் கூட்டிப் போனேன். டொக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "வேட்டை எப்படி இருந்தது?" என்பதுதான். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. "போகலாம் என்று போன வருடமே சொன்னேனே. பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, தனியே விடக் கூடாது, நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை சட்டைப் பையில் இருக்க வேண்டும். அவ்வளவுதானே" என்றார்.

அந்த அறையிலேயே, அப்பாவின் முகத்தைப் பார்த்து, அதைத் தமிழில் சொன்னேன். அப்பா, "அப்ப போன வருசமும் போயிருக்கலாம்" என்றார்.

அன்று பின்னேரமே அண்ணாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அப்பாவின்ரை நன்மைக்குத்தானே சொன்னனான்" என்றார். "ஏதும் நடந்தால் சனம் என்னைத்தானே கேக்கும்" என்றார். சனம் என்றால் யார்? நீங்கள்தான். உங்கள் வாய்க்குப் பயந்து ஒரு மகன் பெற்ற தகப்பனுக்குப் பொய் சொன்னார். அண்ணா கெட்டவர் அல்லர். அப்பாவுக்குக் காலுறை மாட்டிவிட்டவரும் அவர்தான். அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "இருக்கட்டும். எடுக்காதை" என்றார்.

அப்பா வேட்டைக்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் ரெலிபோன் ஓயவில்லை. "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்காதவர்கள் குறைவு. எல்லோரும் மறித்த அந்தக் கிழமையில் அம்மா கம்பளிக் காலுறைகளை மடித்துப் பையில் வைத்தார். "போட்டு வாங்கோ. குளிசையை மறவாதேங்கோ" என்றார்.

கோர்டன் முதலில் செய்தது, அப்பாவுக்கு எதிரே இருந்து அவரையே கேட்டதுதான். எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? நோவு எப்படித் தொடங்கும்? தொடங்கினால் கையை எப்படிக் காட்டுவீர்கள்? எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அப்பாவை இவற்றைக் கேட்டதில்லை. நான் உட்பட. மரம் ஏற்றிப் போகும் பழைய பாதையில், வாகனத்தை நிறுத்திச் சில அடி நடந்தால் போதும் என்கிற இடத்தை அவர் பார்த்து வைத்திருந்தார். மடக்குக் கதிரை ஒன்றும், துவக்கைத் தாங்கக் கவர்க்கம்பு ஒன்றும், காலுக்குப் போர்வையும் ஆயத்தமாக இருந்தன. "நடக்கிற வேலை எங்களுடையது. இவர் இருந்தால் போதும்" என்றார்.

நான் குளிசையும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் குளிரைத் தவிர ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை கோர்டன் பெண் மூஸைப் போலக் குரல் கொடுக்க, மரங்களுக்குள் இருந்து கொம்பன் ஒன்று வெளியே வந்து நின்றது. அப்பா அவசரப்படவில்லை. ஒரே வெடி. அது விழுந்ததும் அப்பா நெஞ்சில் கையை வைத்தார். நான் பதறிப்போய்க் குளிசையை எடுத்தேன். "நோவில்லைப் பிள்ளை. நெஞ்சு இன்னும் இருக்கோ எண்டு தொட்டுப் பார்த்தனான்" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் சிரிப்பைக் கண்டேன்.

ஸ்காபரோவுக்கு வந்ததும் அப்பா இறைச்சியைப் பங்கு போட்டார். பாவம் என்றவர்களும் விசர், பைத்தியம் என்றவர்களும் ஐஸ்கிறீம் பெட்டிகளோடு வந்தார்கள். "எலும்போடை ஒரு பங்கு எடுத்து வையுங்கோ" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவரும் உண்டு. மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பேசியவர் அவர்தான். பெயரை எழுதவில்லை, அவருக்கே தெரியும்.

அதன் பிறகு ஒரு பனிகாலமும் ஒரு வசந்தமும் அப்பா நன்றாக இருந்தார். கடைசி முறை டொக்டரிடம் போனபோது அண்ணாவும் வந்தார். டொக்டர் கேட்க அண்ணா வாயைத் திறந்தார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறி, தானே பதில் சொன்னார். ஆனி மாதம் ஒரு காலை, சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். வருத்தம் முற்றியதுதான் காரணம், வேட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் அம்மாவிடமே சொன்னார்.

துயரில் பங்கெடுத்து, சமைத்துக் கொண்டுவந்து, கிரியைகளில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைச் சொன்ன டொக்டருக்கும், அப்பாவை ஒரு ஆளாக மதித்துக் கேள்வி கேட்ட கோர்டனுக்கும் நன்றி. மண்டபத்தில் அந்தப் பேச்சு எழுந்தபோது கோர்டன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

அம்மா, இனி அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். மறிக்க இத்தனை பேர் இருந்தார்கள். காலுறை மடித்து வைத்துப் போக விட்டது நீங்கள் ஒருவர்தான்.