ஐந்து பட்டை நட்டு

நெமிலிச்சேரி ஞானகுமாரி பிளஸ் டூவுக்கு மேல் படித்தவள் இல்லை. ஆவடிப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில், விலங்கியல் துறையில், 1986 ஜூலை முதல் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவாள், பாடம் நடக்கும்போது ஸ்லைடு மாற்றுவாள். துறைத் தலைவர் கஜபதி ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் வைரஸ் பாடத்தை ஏழு முறை கேட்டதில் அது அவளுக்கு மனப்பாடம்.

சின்னம்மை தரும் வைரஸ் பெரிய வகை. அதன் டி.என்.ஏ.வைப் புரதத்தால் ஆன ஒரு கூடு மூடியிருக்கிறது. கூட்டுக்கு இருபது முக்கோண முகம், பன்னிரண்டு முனை. அதைக் கட்டும் துண்டுகள் நூற்று அறுபத்திரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் துளை. நூற்றைம்பது துண்டுக்கு ஆறு பக்கம். முனையில் உட்காரும் பன்னிரண்டுக்கு மட்டும் ஐந்து பக்கம்.

1993இல் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருகிறது என்றதும், அந்தக் கூட்டை இரும்பில் செய்துவைக்க கஜபதி ஆசைப்பட்டார். நடுவில் துளை, சுற்றிலும் ஆறு பக்கம் என்றால் நட்டுதானே? அம்பத்தூரில் வெல்டிங் கடை வைத்திருந்த சின்னப்பையனிடம் படத்தையும் '162 நட்டு' என்ற கணக்கையும் கொடுத்தார். வெள்ளிப் பெயிண்டு அடித்த உருண்டை வந்து சேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஞானகுமாரி அதைத் துடைக்கும்போது ஒரு முனையிலிருந்து, சந்து அடைக்கப் பூசும் புட்டிப் பசை காய்ந்து பெயர்ந்து விழுந்தது. உள்ளே சின்ன விரல் நுழையும் பிளவு.

கஜபதி கையும் களவுமாகப் பிடித்தவர்போல வந்து நின்றார். கீழே போட்டு உடைத்ததாகத் திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்று மெமோ நீட்டினார்.

"உடையல சார். அது மூடவே இல்ல. முனைக்கு அஞ்சு பக்கம்னு நீங்கதான் சொல்லிக் குடுப்பீங்க."

"பீரோ தொடைக்க வெச்சவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

பொய் எழுதித் தந்தால் வேலை நிலைக்கும். அவள் எழுதவில்லை. மறுநாள், லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலை செய்யும் அண்ணன் பாஸ்கலுடன் அம்பத்தூர் போனாள். பன்னிரண்டு இடத்தில் இடைவெளி விழுந்ததையும் புட்டி வைத்துப் பூசியதையும் சின்னப்பையன் மறைக்கவில்லை. ஐந்து பக்கம் என்று கேட்டதற்குத்தான் சிரித்தான்.

"நட்டுன்னா ஆறு பட்டதாம்மா. அஞ்சு பட்ட நட்ட எந்த ஸ்பானர்ல புடிப்பே? உங்க சாரும் ஒண்ணியும் சொல்லல."

பாஸ்கல் தன் பட்டறையில் ஒரு ரவுண்டு இரும்பு ராடை எடுத்து, எழுபத்திரண்டு டிகிரிக்கு ஒன்றாக ஐந்து பட்டை வெட்டினார். மற்ற நட்டுகளோடு பொருந்த, பட்டைக்கு ஏழரை மில்லி. முதல் இரண்டையும் தங்கை அளந்து பார்த்துத் தூக்கிப் போட்டாள். மூன்றாவதுதான் சரியாக வந்தது.

திங்கட்கிழமை முதல்வர் சுசீலா அம்மாள் அறையில் கஜபதியும் இருந்தார். ஞானகுமாரி மேசைமேல் ஆறு பட்டை நட்டு ஒன்றை வைத்து, அதைச் சுற்றி ஆறு நட்டுகளை அடுக்கினாள். தரை பாவியதுபோல் தட்டையாகக் கிடந்தன. அடுத்து, பாஸ்கல் செய்த ஐந்து பட்டை நட்டைச் சுற்றி ஆறு பட்டை நட்டு ஐந்தை டேப்பால் ஒட்டி வைத்தாள். அது கவிழ்த்த கிண்ணம்போல் எழும்பி நின்றது. பிறகு, கூடவே கொண்டுவந்திருந்த உருண்டையில் மீதிப் பதினோரு முனைகளிலும் ஸ்க்ரூடிரைவரால் புட்டியை நெம்பினாள். எல்லாவற்றிலும் ஆறு பட்டை நட்டு, சுற்றி ஐந்துதான், ஆறாவது பட்டைக்கு நேரே அதே பிளவு.

"பன்னண்டு எடத்துலயும் ஒரே அளவா ஒடையற மாதிரி நான் எப்பிடி சார் கீழ போட்டேன்?"

இது வெறும் மாடல்தான் மேடம் என்று கஜபதி இழுத்தார். முதல்வர் மெமோவை அவர் பக்கம் தள்ளி, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார். வராந்தாவுக்கு வந்ததும், இனி ஸ்லைடு பக்கம் அவள் நிழல்கூடப் படக்கூடாது, ஸ்டோர் ரூமோடு சரி என்றார்.

பாஸ்கல் செய்து தந்த பன்னிரண்டு நட்டுகளையும் சின்னப்பையன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிவைத்தான். இப்போது புட்டிக்கு வேலையில்லை.

குழு வந்த நாளில் அவள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று கஜபதி சொல்லியிருந்தார். அவள் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே நின்றாள். கஜபதி உருண்டையைத் திருப்பிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தவர், அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினார். அவள் நகரவில்லை.

"முனைகள் பன்னிரண்டிலும் ஐந்து பக்கத் துண்டு" என்றார் குழுவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதைக் கேட்ட பிறகுதான் ஞானகுமாரி உள்ளே போனாள்.